கரும்புள்ளிகள் பெருகும்போது கதிரவன் ஒளி கூடுவது ஏன்?

வெள்ளைச் சுவர் ஒன்றில் கரித்துண்டால் சில புள்ளிகளை வைத்தால் சுவரின் வெண்மை குறையும். புள்ளிகளைப் பெருக்கினால் வெண்மை மேலும் குறையும். இதைச் சொல்ல அறிவியல் தேவையில்லை.

கதிரவனின் முகத்திலும் கரும்புள்ளிகள் தோன்றுகின்றன. ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை அவை பெருகுகின்றன, பின்னர் அருகுகின்றன, மீண்டும் பெருகுகின்றன. அவ்வாறாயின், புள்ளிகள் பெருகிய ஆண்டுகளில் கதிரவன் நமக்கு அனுப்பும் ஒளியும் வெப்பமும் குறைந்திருக்க வேண்டுமல்லவா? ஆனால் அளந்து பார்த்தவர்கள் கண்டது இதற்கு நேர்மாறானது. புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில்தான் கதிரவனின் ஒளி கூடியிருக்கிறது!

இந்தப் புதிரின் விடையைத் தேடிச் சென்றால், கதிரவனைப் பற்றி மட்டுமன்றி, இரவு வானில் தெரியும் பல விண்மீன்களைப் பற்றியும் அறிந்துகொள்கிறோம். நம் கதிரவன் எப்போதும் இப்படியே அமைதியாக இருக்குமா என்ற பெரிய வினாவிற்கும் அதன் வழியாகவே விடை தேட முடிகிறது.

மருந்துக் கடைக்காரரின் கண்டுபிடிப்பு

தொலைநோக்கி வந்த சில ஆண்டுகளிலேயே, அதாவது 1610ஆம் ஆண்டையொட்டி, கலிலியோ முதலியோர் கதிரவனின் மீது கரும்புள்ளிகளைக் கண்டனர். ஆயினும் அவை ஓர் ஒழுங்கிற்கு உட்பட்டுக் கூடிக் குறைகின்றன என்பது இரு நூற்றாண்டுகளுக்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. அதைக் கண்டவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஷ்வாபே என்ற மருந்துக் கடைக்காரர். புதனுக்கும் உள்ளே ஒரு கோள் கதிரவனைச் சுற்றக்கூடும் என்று அவர் எண்ணினார். அது கதிரவனின் குறுக்கே செல்லும்போது கரும்புள்ளி போலத் தெரியும். அதை அடையாளம் காண வேண்டுமானால் மற்றப் புள்ளிகளை எல்லாம் குறித்து வைத்திருக்க வேண்டும். எனவே 1826 முதல் வானம் தெளிந்த நாட்களில் எல்லாம் புள்ளிகளை எண்ணினார். கோள் கிடைக்கவில்லை. ஆனால் புள்ளிகள் ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை பெருகி அருகுவதை 1843இல் அவர் வெளியிட்டார். பிற்காலக் கணக்கின்படி அது சராசரியாக 11 ஆண்டுகள்.

புள்ளிகள் ஏன் தோன்றுகின்றன? இதற்கு விடை தந்தவர் அமெரிக்க வானியலறிஞர் ஹேல். ஒளிதரும் வாயு வலிமையான காந்தப் புலத்தில் இருந்தால் அதன் நிறமாலைக் கோடு ஒவ்வொன்றும் சில கோடுகளாகப் பிரியும். இதனைச் சீமன் விளைவு என்பர். 1908இல் ஹேல், மவுண்ட் வில்சன் ஆய்வுக்கூடத்தில் கரும்புள்ளியிலிருந்து வரும் ஒளியில் இப்பிரிவைக் கண்டார். புள்ளிகளில் காந்தப் புலம் 3,000 காஸ் அளவிற்கும் இருக்கும். நிலவுலகின் காந்தப் புலமோ அரைக் காஸ் அளவினதே.

காந்தம் இருந்தால் ஏன் கருக்க வேண்டும்? அடுப்பில் கொதிக்கும் உலையை நினைத்துப் பாருங்கள். அடியில் சூடேறிய நீர் மேலே வருகிறது. மேலே ஆறிய நீர் கீழே செல்கிறது. கதிரவனின் மேற்பகுதியிலும் வெப்பம் இவ்வாறு வெப்பச்சலனத்தால்தான் மேலே வருகிறது. ஆனால் அங்குள்ள வாயு மின்னூட்டம் பெற்ற துகள்களால் ஆனது. அது வலிய காந்தப் புலக் கோடுகளைக் குறுக்கே கடந்து செல்ல இயலாது. ஆகவே புலம் வலிமையாக உள்ள இடத்தில் கொதிப்பு அடங்குகிறது. வெப்பம் மேலே வருவது தடைப்படுகிறது. அந்த இடம் குளிர்கிறது.

குளிர்கிறது என்றால் பனிக்கட்டி போல ஆகிவிடுவதில்லை. கதிரவனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,800 கெல்வின். பெரிய புள்ளியின் நடுப்பகுதி 4,000 கெல்வின் என்று கொள்வோம். பொருளொன்று வீசும் ஆற்றல் அதன் வெப்பநிலையின் நான்காம் படிக்கு நேர்விகிதத்தில் அமையும் என்பது ஸ்டெஃபான் விதி. 4,000ஐ 5,800ஆல் வகுத்தால் 0.69. இதன் நான்காம் படி 0.23. அதாவது அதே பரப்பு வழக்கமாக வீசும் ஆற்றலில் நாலில் ஒரு பங்கிற்கும் குறைவாகவே புள்ளி வீசுகிறது. புள்ளியைத் தனியே பெயர்த்து இரவு வானில் வைக்க முடிந்தால் அதுவும் கண்ணைக் கூச வைக்கும். அருகிலுள்ள பகுதி அதைவிட ஒளிமிக்கதாக இருப்பதால் நமக்குக் கருப்பாகத் தெரிகிறது.

மாறாத ‘மாறிலி’யா?

நிலவுலகின் காற்று மண்டலத்திற்கு வெளியே, கதிரவனுக்கு நேராகப் பிடித்த ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு நொடியில் விழும் ஆற்றலைச் ‘சூரிய மாறிலி’ என்று பாடநூல்களில் படித்திருப்பீர்கள். இன்றைய அளவீடுகளின்படி அதன் மதிப்பு ஏறத்தாழ 1,361 வாட். பெயர் மாறிலி, ஆனால் அது உண்மையில் மாறாததுதானா?

அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த ஆபட் என்பவர் இதைக் கண்டறியப் பல பத்தாண்டுகள் உழைத்தார். தென்னமெரிக்காவின் சிலி நாட்டு வறண்ட மலைப்பகுதி உட்படப் பல இடங்களில் கருவிகளை நிறுவி நாள்தோறும் அளக்கச் செய்தார். ஆனால் காற்று மண்டலம் குறுக்கே நின்றது. ஈரப்பதம், தூசு, மெல்லிய மேகம் ஆகியவை ஒளியை ஒரு விழுக்காடு கூட்டிக் குறைப்பது மிக எளிது. கதிரவனின் உண்மையான மாற்றமோ அதில் பத்தில் ஒரு பங்குதான். சந்தை இரைச்சலில் ஊசி விழும் ஓசையைக் கேட்க முயல்வது போன்ற நிலை அது.

காற்றைத் தாண்டிச் சென்ற பிறகே விடை கிடைத்தது. 1978 இறுதியில் தொடங்கி விண்கலங்களிலிருந்து தொடர்ந்து அளந்து வருகின்றனர். 1980 பிப்ரவரியில் ஏவப்பட்ட ‘சோலார் மேக்சிமம் மிஷன்’ என்ற விண்கலம் இவற்றில் சிறப்பானது. அதிலிருந்த கருவியின் தத்துவம் உங்கள் இயற்பியல் பாடத்தில் உள்ளதுதான். உட்புறம் கருமை பூசிய ஒரு சிறு கூம்பு. அதனுள் கதிரவன் ஒளி விழுந்தால் சூடேறும். பின்னர் வாயிலை மூடிவிட்டு, மின்னோட்டம் செலுத்தி அதே சூட்டை உண்டாக்குவர். எவ்வளவு மின்திறன் தேவைப்பட்டதோ அதுவே வந்த ஒளியின் திறன். ஒளியை அளக்கும் கடினமான வேலை, மின்னோட்டத்தை அளக்கும் எளிய வேலையாக மாறிவிடுகிறது.

அந்த ஆண்டிலேயே இரண்டு பெரிய சரிவுகள் பதிவாயின. ஒவ்வொன்றும் ஒரு வார அளவு நீடித்தது, ஒளி 0.2 விழுக்காடு வரை குறைந்தது. பெரிய கரும்புள்ளிக் கூட்டங்கள் கதிரவனின் முகத்தைக் கடந்து சென்ற நாட்களே அவை. நம் கணக்கோடு இது ஒத்துப் போகிறதா? கதிரவ வட்டில் ஆயிரத்தில் இரண்டு பங்கைப் புள்ளிகள் மூடினால், அப்பரப்பின் ஒளியில் 77 விழுக்காடு இழப்பாகும். 0.2ஐ 0.77ஆல் பெருக்கினால் 0.15 விழுக்காடு. பொருந்துகிறது!

இதுவரை நம் வெள்ளைச் சுவர்க் கணக்கு சரியாகவே உள்ளது. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல வேறொன்று தெரிந்தது. புள்ளிகள் அருகிய 1986ஆம் ஆண்டையொட்டிக் கதிரவனின் சராசரி ஒளி குறைந்திருந்தது. மீண்டும் புள்ளிகள் பெருகியபோது ஏறத்தாழ 0.1 விழுக்காடு உயர்ந்தது. அதன்பின் வந்த காலவட்டங்களிலும் இதே கதைதான்.

கண்ணுக்குத் தப்பும் ஒளித்திட்டுகள்

கரும்புள்ளி தனியாக வருவதில்லை. அதைச் சூழ்ந்தும், அதைவிடப் பரந்தும், சற்றே ஒளி மிகுந்த திட்டுகள் காணப்படுகின்றன. இவற்றையும் தொலைநோக்கிக் காலத்தின் தொடக்கத்திலேயே கண்டிருந்தனர். கதிரவ வட்டின் விளிம்பை ஒட்டி இவை தெளிவாகத் தெரியும். நடுவில் இருக்கும்போது பெரும்பாலும் கண்ணுக்குத் தப்பிவிடும்.

இவற்றை உண்டாக்குவதும் காந்தமே. ஒரே காந்தம் ஓரிடத்தில் கருக்கவும் ஓரிடத்தில் ஒளிரவும் செய்வது எப்படி? வேறுபாடு அகலத்தில் இருக்கிறது. ஒளித்திட்டுகளில் காந்தப் புலம் சில நூறு கிலோமீட்டருக்கு மேற்படாத குறுகிய குழாய்களாகச் செறிந்திருக்கிறது. குழாயினுள் காந்தப் புலமும் ஓர் அழுத்தம் தருவதால், அங்கே வாயு அடர்த்தி குறைந்து ஒளி ஊடுருவக் கூடியதாகிறது. ஆகவே நம் பார்வை அங்கே மேற்பரப்போடு நில்லாமல் சற்று ஆழத்திற்குச் செல்கிறது. ஆழத்தில் குழாயின் பக்கச் சுவர்கள் சூடானவை. அச்சூடான சுவர்களைத்தான் ஒளித்திட்டாகக் காண்கிறோம். சாய்வாகப் பார்க்கும்போது சுவர் நன்கு தெரியும். அதனால்தான் விளிம்பருகில் இவை பளிச்சிடுகின்றன.

கரும்புள்ளியோ பல்லாயிரம் கிலோமீட்டர் அகலமுடையது. பக்கச் சுவர்களின் சூடு அதன் நடுப்பகுதியை எட்டுவதில்லை. குறுகிய பானையின் உட்புறம் நாற்புறச் சூட்டாலும் காயும். அகன்ற குளத்தின் நடுப்பகுதிக்குக் கரையின் சூடு எட்டாது அல்லவா? அதுபோலத்தான்.

ஒரு திட்டின் ஒளி மிகுதி சிறியதே. ஆனால் திட்டுகள் புள்ளிகளைவிடப் பரப்பில் பெரியவை. புள்ளி மறைந்த பின்னும் நீடிப்பவை. காந்தச் செயற்பாடு மிகும் ஆண்டுகளில் புள்ளிகள் எடுத்துக்கொள்வதைவிட ஒளித்திட்டுகள் மிகுதியாகவே தந்துவிடுகின்றன. வரவும் செலவும் இரண்டுமே கூடுகின்றன. வரவு ஒரு படி முந்திவிடுகிறது. மிச்சமாவது 0.1 விழுக்காடு. இதுதான் நம் புதிருக்கு விடை.

இந்த 0.1 விழுக்காடு நிலவுலகை எவ்வளவு சூடாக்கும்? ஸ்டெஃபான் விதிப்படி வெப்பநிலை, ஆற்றலின் நான்காம் மூலத்தைப் பொறுத்தது. ஆகவே 0.1இல் நாலில் ஒரு பங்கு, 0.025 விழுக்காடு. நிலவுலகின் சராசரி வெப்பநிலை 288 கெல்வின். அதில் 0.025 விழுக்காடு, 0.07 டிகிரி. இது தோராயக் கணக்கே ஆயினும், நிலவுலகு சூடேறி வருவதற்குக் கதிரவனே காரணம் என்று யாரேனும் கூறினால் அதைச் சோதிக்க உதவும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து நிலவுலகு ஒரு டிகிரிக்கும் மேல் சூடேறியுள்ளது. 1978 முதல் எடுத்த விண்கல அளவீடுகளில் கதிரவனின் ஒளி 11 ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறதே தவிர, தொடர்ந்து உயர்ந்து செல்லவில்லை. ஆகவே அண்மைப் பத்தாண்டுகளின் சூட்டிற்குக் கதிரவனைக் குற்றஞ்சாட்ட இயலாது.

கால்சியம் சொல்லும் செய்தி

நாற்பது ஐம்பது ஆண்டுகள் அளந்துவிட்டோம். 460 கோடி ஆண்டுகள் வாழ்ந்துவிட்ட கதிரவனுக்கு இது ஒரு கண்ணிமைப்பொழுதுகூட அன்று. அதன் இளமை எப்படி இருந்தது? இனி எப்படி இருக்கும்? ஒரு மனிதரின் வாழ்நாள் முழுவதையும் உடனிருந்து பார்க்க முடியாதவர், ஒரு திருவிழாவிற்குச் சென்றால் போதும். அங்கே கைக்குழந்தை, சிறுவர், இளைஞர், முதியவர் அனைவரையும் ஒரே நாளில் காணலாம். அதுபோல வானில் கதிரவனை ஒத்த விண்மீன்கள் எல்லா வயதிலும் உள்ளன.

ஆனால் விண்மீன்கள் ஒளிப்புள்ளிகளாகவே தெரிகின்றன. அவற்றின் முகத்தில் உள்ள புள்ளிகளை எப்படிக் காண்பது? இங்கே உதவிக்கு வருவது கால்சியம். கதிரவ நிறமாலையின் ஊதாப் பகுதியில் 3,934, 3,968 ஆங்ஸ்ட்ராம் அலைநீளங்களில் இரண்டு அகன்ற கருங்கோடுகள் உள்ளன. ஓர் எலக்ட்ரானை இழந்த கால்சியம் அணுக்களால் உண்டான இவற்றைக் கே கோடு, எச் கோடு என்பர். ஒளித்திட்டுகளுக்கு மேலே உள்ள நிறமண்டலம் காந்தச் செயற்பாட்டால் சூடேறியிருக்கும். அங்கே இக்கருங்கோடுகளின் நடுவில் மெல்லிய ஒளி எழுகிறது. காந்தச் செயற்பாடு மிக மிக, அவ்வொளியும் மிகும். கதிரவனின் மொத்த ஒளி 0.1 விழுக்காடே மாறும்போது, கால்சியம் கோட்டின் நடு ஒளி பத்து விழுக்காடு அளவிற்கு மாறுகிறது!

இக்கே கோட்டின் ஒளியில் மட்டும் கதிரவனைப் படமெடுத்தால் ஒளித்திட்டுப் பகுதிகள் வெண்மையாகப் பளிச்சிடும். நம் கொடைக்கானல் ஆய்வுக்கூடத்தில் இத்தகைய படங்களை 1904 தொடங்கி நூறாண்டுகளுக்கு மேல் எடுத்துச் சேர்த்துள்ளனர். கதிரவனின் பழைய காந்த வரலாற்றை அறிய விரும்பும் உலக ஆய்வாளர்களுக்கு அது ஒரு கருவூலம். அந்த ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக 1960இல் பொறுப்பேற்ற வைணு பாப்பு, அதற்கு முன்பே அமெரிக்க அறிஞர் ஓலின் வில்சனுடன் சேர்ந்து, விண்மீன்களில் இதே கால்சியம் ஒளிக்கோட்டின் அகலத்திற்கும் விண்மீனின் உண்மையான ஒளிர்வுக்கும் தொடர்பு உண்டு என்று 1957இல் காட்டியவர். அது வில்சன்–பாப்பு விளைவு எனப் பெயர் பெற்றது.

அதே வில்சன் 1966இல் ஒரு பொறுமையான வேலையைத் தொடங்கினார். மவுண்ட் வில்சனின் 100 அங்குலத் தொலைநோக்கியால் 91 விண்மீன்களின் கால்சியம் ஒளியை மீண்டும் மீண்டும் அளந்தார். ஆபட்டை வென்ற காற்று மண்டலம் இவரை ஏன் வெல்லவில்லை? அவர் கோட்டின் நடு ஒளியைத் தனியே அளக்கவில்லை. அருகிலுள்ள அலைநீளங்களின் ஒளியோடு ஒப்பிட்டு விகிதம் கண்டார். புகை படிந்த கண்ணாடி வழியே இரண்டு விளக்குகளைப் பார்த்தால் இரண்டும் மங்கும். ஆனால் ஒன்று மற்றதைவிட எத்தனை மடங்கு ஒளியுடையது என்பது மாறாது. 1978இல் அவர் முடிவுகளை வெளியிட்டார். கதிரவனைப் போலவே பல விண்மீன்களும் ஆண்டுக்கணக்கில் ஏறி இறங்கும் காலவட்டங்களை உடையவை!

அவருக்குப் பின்னரும் 2003 வரை அந்தப் பணி தொடர்ந்தது. ஆராய்ந்த விண்மீன்களில் ஏறத்தாழப் பாதி ஒழுங்கான காலவட்டத்தைக் காட்டின. சில ஒழுங்கின்றி மாறின. சில பல்லாண்டுகள் மாறாமலே இருந்தன. கதிரவனும் அவ்வாறு அடங்கியிருந்ததுண்டு. 1645 முதல் 1715 வரை புள்ளிகள் மிக அருகியே காணப்பட்டன. அக்காலத்தை மாண்டர் சிறுமம் என்பர். எச்.டி. 166620 என்ற விண்மீன் ஏறத்தாழ 17 ஆண்டுக் காலவட்டத்தில் மாறிவந்து, பின்னர் அடங்கிப் போனதை 2022இல் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். கதிரவன் அன்று சென்ற வழியில் இன்று வேறொரு விண்மீன் செல்வதைப் பார்க்கிறோம்.

இளங்கதிரவர்கள்

விண்மீனின் காந்தம் எங்கிருந்து வருகிறது? அதன் தற்சுழற்சியிலிருந்து. மின்கடத்தும் வாயு கொதித்துக்கொண்டே சுழலும்போது அது ஒரு டைனமோவாகச் செயற்படுகிறது. வேகமாகச் சுழன்றால் காந்தம் வலுக்கும்.

ஆனால் அந்தக் காந்தமே சுழற்சிக்குத் தடையுமாகிறது. விண்மீனிலிருந்து எப்போதும் துகள்கள் காற்றுப்போல வெளியேறுகின்றன. அவற்றைக் காந்தப் புலம் நெடுந்தொலைவு வரை தன்னோடு சேர்த்துச் சுழற்றிய பின்பே விடுகிறது. சுழல் நாற்காலியில் அமர்ந்தவர் கைகளை நீட்டினால் வேகம் குறைவது போல, விண்மீனின் வேகமும் சிறிது சிறிதாகக் குறைகிறது. 1972இல் ஸ்குமானிச் என்பவர் இதற்கு எளிய விதியொன்றைக் கண்டார். கதிரவனையொத்த விண்மீனின் சுழற்சிக் காலம், அதன் வயதின் இருமடி மூலத்திற்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் கூடுகிறது.

சோதித்துப் பார்ப்போமா? கதிரவனின் வயது 460 கோடி ஆண்டு; அதன் நடுக்கோட்டுப் பகுதி ஒருமுறை சுழல 25 நாட்கள் ஆகின்றன. நம் முன்னோர் ரோகிணி என்றழைத்த சிவந்த விண்மீனின் அருகே, ஆப்பு வடிவில் சில விண்மீன்கள் தெரியும். ஹையடீஸ் என்னும் அக்கூட்டம் உண்மையில் ரோகிணிக்கும் வெகு தொலைவிற்கு அப்பால் உள்ளது. அதன் வயது ஏறத்தாழ 65 கோடி ஆண்டு. 65ஐ 460ஆல் வகுத்து இருமடி மூலம் கண்டால் 0.38. அதை 25ஆல் பெருக்க, ஒன்பதரை நாள். ஹையடீசில் கதிரவனையொத்த விண்மீன்களின் சுழற்சிக் காலம் 8, 9 நாட்கள் என்று அளந்துள்ளனர். எளிய விதிக்கு இது நல்ல வெற்றியே.

இத்தகைய இளம் விண்மீன்கள் ஒளி மாறும் விதம் வேறு. அமெரிக்காவின் லோவெல் ஆய்வுக்கூடத்தில் 1980களிலும் 1990களிலும் செய்த ஆய்வு ஒரு வியப்பான உண்மையை வெளிப்படுத்தியது. வயதான விண்மீன்களில், கால்சியம் ஒளி கூடும்போது மொத்த ஒளியும் கூடுகிறது, கதிரவன் போலவே. இளம் விண்மீன்களிலோ, கால்சியம் ஒளி கூடும்போது மொத்த ஒளி குறைகிறது! அங்கே காந்தம் வலிமையானது. புள்ளிகள் மிகப் பெரியவை. செலவு வரவை முந்திவிடுகிறது. வெள்ளைச் சுவர்க் கணக்கு அங்கே பலிக்கிறது. கதிரவனும் தன் இளமையில் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். வயது ஏறியபின் தட்டு மறுபுறம் சாய்ந்தது.

கெப்ளரின் எதிர்பாராத பரிசு

2009 மார்ச்சில் ஏவப்பட்ட கெப்ளர் விண்கலம் வேறொரு நோக்கத்திற்குரியது. ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் விண்மீன்களின் ஒளியை நான்காண்டுகள் இடைவிடாது அளந்து, அவற்றின் குறுக்கே கோள்கள் செல்கின்றனவா என்று பார்ப்பதே அதன் வேலை. நிலவுலகு போன்ற கோள், கதிரவன் போன்ற விண்மீனை மறைத்தால் ஒளி எவ்வளவு குறையும்? ஆரங்களின் விகிதத்தை இருமடியாக்க வேண்டும். 6,378ஐ 6,96,000ஆல் வகுத்து இருமடியாக்கினால் 0.000084, அதாவது 0.0084 விழுக்காடு. ஒரு பெரிய கரும்புள்ளிக் கூட்டம் உண்டாக்கும் சரிவு இதைப்போல் இருபது மடங்கு! எனினும் பிரித்தறிய வழியுண்டு. கோள் சில மணி நேரத்தில் கடந்துவிடும். ஓராண்டுக்குப்பின் அதே அளவில் திரும்ப வரும். புள்ளி கதிரவ வட்டைக் கடக்க இரு வாரம் ஆகும். திரும்ப வரும்போது உருமாறியிருக்கும். ஆயினும் விண்மீன் மிகவும் ‘இரைச்சல்’ உடையதாயின் கோளின் மெல்லிய குரல் அமுங்கிவிடும். பிற நிலவுலகங்களைத் தேடுவோர் விண்மீன் புள்ளிகளைப் பற்றிக் கவலைப்படுவது இதனால்தான்.

கெப்ளரின் அளவீடுகள் கதிரவனைப் பற்றியும் ஒரு கேள்வியை எழுப்பின. வெப்பநிலை, வயது, சுழற்சிக் காலம் ஆகியவற்றில் கதிரவனை ஒத்த 369 விண்மீன்களை ஆராய்ந்த குழு 2020இல் முடிவுகளை வெளியிட்டது. அவற்றின் ஒளி மாற்றம் பொதுவாக 0.36 விழுக்காடு, கதிரவனுடையதோ 0.07 விழுக்காடு. ஐந்து மடங்கு வேறுபாடு! நம் கதிரவன் தன் இனத்தில் மட்டும் அமைதியானதா? அல்லது இப்போது சற்று அடங்கியிருந்து, பிறகு பொங்குமா?

இங்கே ஒரு கணம் நின்று சிந்திக்க வேண்டும். புள்ளிகள் தெளிவாக இருந்தால்தான் விண்மீனின் சுழற்சிக் காலத்தை ஒளி மாற்றத்திலிருந்து அளக்க முடியும். ஆகவே சுழற்சிக் காலம் தெரிந்தவற்றை மட்டும் தேர்ந்தெடுத்தால், ஆரவாரமானவையே நம் கைக்கு வரும். வகுப்பில் உரக்கப் பேசுவோரை மட்டும் எண்ணிவிட்டு, வகுப்பே இரைச்சலானது என்று முடிவு கட்டலாமா? அக்குழுவினரே, சுழற்சிக் காலம் தெரியாத 2,500க்கும் மேற்பட்ட விண்மீன்களையும் ஆராய்ந்தனர். அவற்றில் பெரும்பாலானவை கதிரவனைப் போல அமைதியாகவே இருந்தன. மரவளையங்களிலும் துருவப் பனியிலும் பதிந்துள்ள அணு எச்சங்களிலிருந்து கதிரவனின் கடந்த 9,000 ஆண்டுச் செயற்பாட்டை மதிப்பிட்டுள்ளனர். அதிலும் ஐந்து மடங்குப் பொங்கல் எதுவும் தெரியவில்லை. ஆனால் 9,000 ஆண்டு என்பது 460 கோடியில் எவ்வளவு? வினா இன்னும் முற்றுப்பெறவில்லை.

அஞ்ச வேண்டுமா?

காந்தம் ஒளியைக் கூட்டிக் குறைப்பதோடு நிற்பதில்லை. முறுக்கேறிய காந்தப் புலம் திடீரெனத் தளரும்போது சுடர்வெடிப்பு உண்டாகிறது. 1859 செப்டம்பர் முதல் நாள் ஆங்கிலேயர் காரிங்டன் தம் கண்ணாலேயே இத்தகைய வெடிப்பொன்றைக் கண்டார். அதையடுத்து எழுந்த காந்தப் புயலில் தந்திக் கம்பிகளில் தீப்பொறி பறந்தது. 2012இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கெப்ளர் தரவுகளிலிருந்து, கதிரவன் வகை விண்மீன்கள் 148இல் 365 மாபெரும் சுடர்வெடிப்புகளைக் கண்டறிந்தனர். அவற்றுள் சிறியவையும் கதிரவனில் நாம் கண்ட பெரிய வெடிப்புகளைவிடப் பன்மடங்கு வலியவை. 2024இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, கதிரவனையொத்த 56,450 விண்மீன்களை ஆராய்ந்து, ஒரு விண்மீனில் சராசரியாக நூறாண்டுக்கு ஒருமுறை இவை நிகழலாம் என்று மதிப்பிட்டது.

கதிரவனில் அவ்வாறு நிகழ்ந்ததா? ஜப்பானியத் தேவதாரு இன மரங்களின் கி.பி. 775ஆம் ஆண்டு வளையத்தில் கதிரியக்கக் கார்பன் திடீரென மிகுந்திருப்பதை 2012இல் கண்டனர். காரிங்டன் கண்டதைவிட வலிய துகள் மழை அன்று நிலவுலகைத் தாக்கியிருக்க வேண்டும். அன்றைய மக்கள் வழக்கம்போல உழுது விதைத்தனர். காற்று மண்டலமும் நிலவுலகின் காந்தமும் உயிர்களைக் காத்தன. ஆனால் இன்று நம்மிடம் மின்கம்பித் தொடர்களும் விண்கலங்களும் உள்ளன. அவற்றுக்கு முன்னெச்சரிக்கை வேண்டும். 2023 செப்டம்பரில் ஏவப்பட்டு, 2024 ஜனவரி முதல் நிலவுலகிலிருந்து 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று கதிரவனை நோக்கும் நம் ஆதித்யா எல்-1 விண்கலமும் அந்த அறிவைத் தேடும் கருவிகளுள் ஒன்று. கொடைக்கானலில் 1904இல் படமெடுத்தது போலவே, கால்சியம் ஒளியிலும் அது கதிரவனைப் படமெடுக்கிறது.

நீங்களும் காணலாம்

பள்ளியில் சிறு தொலைநோக்கி இருந்தால், ஆசிரியரின் துணையோடு கதிரவனின் உருவத்தை ஒரு வெள்ளை அட்டையில் விழச் செய்யுங்கள். தொலைநோக்கியின் வழியாகவோ வெறுங்கண்ணாலோ கதிரவனை ஒருபோதும் நேரே பார்க்காதீர்கள், கண்பார்வை போய்விடும். அட்டையில் புள்ளிகளின் இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். ஒரு வாரம் தொடர்ந்து செய்தால் புள்ளிகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 13 பாகை நகர்வதைக் காண்பீர்கள். கதிரவன் சுழல்வதை நீங்களே அளந்தவர்கள் ஆவீர்கள். ஷ்வாபே செய்ததும் இதுவே. தம் கண்டுபிடிப்பை வெளியிடும் முன் அவர் பதினேழு ஆண்டுகள் செய்தார்.

பயிற்சி

1. கரும்புள்ளி ஒன்றின் வெப்பநிலை 4,500 கெல்வின். சுற்றுப்புறம் 5,800 கெல்வின். சம பரப்பில் புள்ளி வீசும் ஆற்றல் எத்தனை பங்கு?

2. கதிரவனையொத்த விண்மீன் ஒன்றின் வயது 115 கோடி ஆண்டு. அதன் சுழற்சிக் காலம் என்ன?

3. வியாழனின் ஆரம் நிலவுலகைப்போல் 11 மடங்கு. அது கதிரவனை மறைத்தால் ஒளி எத்தனை விழுக்காடு குறையும்?

விடைகள்: 1) 0.36 பங்கு. 2) பன்னிரண்டரை நாள். 3) ஏறத்தாழ 1 விழுக்காடு.